உறைமோர் ஊற்றியும் உறையாத பால்

கேள்வி: மூன்று கறவை மாடும் ஐந்தாறு ஆடும் வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. இரண்டு மாதமாக எனக்கு நீர்க்கடுப்பு. மாத்திரை சாப்பிட்டால் நிற்கும், பத்து நாளில் மறுபடி வரும். சிறுநீரை கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பியதில் 'ஈ. கோலை, ஈ.எஸ்.பி.எல் பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரைகள் பலவும் இதற்குக் கேட்காதாம். "வீட்டில் மாடு இருக்கிறதா? அதற்கு ஊசி போடுவீர்களா?" என்று டாக்டர் கேட்டார். எங்கள் ஜெர்சிக்கு அடிக்கடி மடிநோய் வரும். ஊரில் ஊசி போடுகிறவர் வந்து போடுவார். மிச்ச மருந்தைக் கொட்டகை எரவாணத்தில் செருகி வைத்து, அடுத்த முறை நாங்களே போட்டுக்கொள்வோம். ஊசி போட்ட நாட்களில் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற மாட்டோம். கன்றுக்கு விடுவோம், வீட்டுக்கும் கொஞ்சம் எடுப்போம். போன முறை அந்தப் பால் உறைமோர் ஊற்றியும் உறையவே இல்லை. கன்றுக்கும் கழிச்சல் நிற்கவில்லை. மாட்டிடமிருந்துதான் எனக்கு இது வந்ததா? மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. மாட்டை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. என்ன செய்ய?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மாட்டை விற்க வேண்டாம். வீட்டில் பேச்சு நடக்கிறது என்று எழுதியிருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். விற்றாலும் உங்கள் தொந்தரவு மாட்டோடு போய்விடாது. வாங்குகிறவர் வீட்டுக்கும் அது போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது ஆய்வக அறிக்கை இல்லை, உறையாத பால்தான். நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு பரிசோதனை முடிவு மாதிரி. பாலைத் தயிராக்குவது மோரில் இருக்கிற நல்ல பாக்டீரியாக்கள். இளஞ்சூட்டுப் பாலில் ஒரு கரண்டி மோர் ஊற்றினால் ராத்திரியோடு ராத்திரியாகப் பெருகிப் பாலைப் புளிக்க வைத்து உறைய வைத்துவிடும். அன்றைக்கு அவை பெருகவில்லை. மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் மடி வழியாகப் பாலில் இறங்கி, அவற்றை வளரவிடாமல் செய்திருக்கும். பாலைக் காய்ச்சித்தானே உறை ஊற்றினோம் என்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் மருந்தில் பெரும்பகுதி அப்படியே நிற்கும்.

அதே பாலைத்தான் கன்று குடித்தது, உங்கள் வீட்டில் காப்பிக்கும் ஊற்றினீர்கள். சட்டியில் மோர்க் கிருமிக்கு நடந்தது கன்றின் குடலிலும் நடந்திருக்கும். ஆனால் குடலில் கோடிக்கணக்கில் பலவகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. மருந்துக்குச் சாகிற சாதுவான கிருமிகள் ஒதுங்க, சாகாத ஒன்றிரண்டுக்கு இடமும் தீனியும் தாராளமாகக் கிடைக்கும். களைக்கொல்லிக்குச் சாகாத ஒரு களை மட்டும் மிஞ்சினால் அடுத்த பட்டத்தில் காடு முழுக்க அதுவாகவே முளைக்குமே, அதுதான் கதை. மருந்து அரைகுறை அளவில் போகும்போது இது இன்னும் சுலபமாக நடக்கும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார்: குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்ளும்.

உங்கள் அறிக்கையில் இருக்கிற ஈ. கோலை, குடலில் வாழ்கிற ஒரு பாக்டீரியா. ஈ.எஸ்.பி.எல் என்பது ஒரு கிருமியின் பெயர் இல்லை. சில கிருமிகள் சுரக்கிற ஒரு நொதி அது. பெனிசிலின் வகை மருந்துகளையும், செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற செஃபலோஸ்போரின் வகை மருந்துகளையும் வெட்டிப் பயனற்றதாக்கிவிடும். மாட்டுக்குப் பொடியாக ஒரு குப்பியில் வந்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் போடுகிறார்களே, அதில் பலவும் இந்த வகைதான். உங்களுக்கு ஆஸ்பத்திரியில் போடுவதும் இதே வகைதான். மாட்டு மருந்து, மனுஷ மருந்து என்று லேபிள் வேறாக இருக்கலாம். கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இந்த நொதியைச் செய்யும் குறிப்பு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ வளையத்தில் எழுதியிருக்கும். பக்கத்துக் காட்டுக்காரருக்கு விதை கைமாற்றுக் கொடுப்பதுபோல் ஒரு கிருமி இன்னொரு கிருமிக்கு அதைக் கொடுத்துவிடும். வாங்குகிற கிருமி அதே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இனி உங்கள் நேர்க் கேள்வி. மாட்டிடமிருந்துதான் வந்ததா? இந்த ஒரு அறிக்கையை வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. நம் ஊரில் மாடே இல்லாத வீட்டிலும் ஈ.எஸ்.பி.எல் இருக்கிறது. காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்துக்கடையில் நாமாகவே வாங்கி விழுங்கிய மாத்திரைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் கிருமிக்கு வழி திறந்தே கிடக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இதை முதலில் கையும் களவுமாகக் காட்டியவர் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர். பாஸ்டன் பக்கத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தை எடுத்துக்கொண்டார். கோழிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் போடச் செய்தார். ஒரே வாரத்தில் அந்தக் கோழிகளின் குடலில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே டெட்ராசைக்ளினுக்கு அடங்காத கிருமிகளாகிவிட்டன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஐந்தாறு மாதத்தில் அந்தப் பண்ணை வீட்டு மனிதர்களிடமும் அது தெரிந்தது. வாராவாரம் எடுத்த அவர்களது மல மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், கிருமிகளில் 80 சதவீதத்துக்கு மேல் அடங்காதவையாக இருந்தன. அக்கம்பக்கத்து வீட்டாரின் மாதிரிகளில் இது 6.8 சதவீதம்தான். அந்த மனிதர்கள் மருந்து சாப்பிடவில்லை. மருந்து சாப்பிட்ட கோழிகளோடு வாழ்ந்தார்கள். 1976-ல் வெளியான ஆய்வு இது. அந்தத் தீவனத்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சோதித்த பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் அந்தக் கிருமிகள் தென்படவில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் உங்களுக்கு முக்கியம். வழியை அடைத்தால் கிருமி தானாகக் குறையும்.

பழியை முழுக்க மாட்டின்மேல் போடவும் எனக்கு மனசு வரவில்லை. 2004-ல் நெதர்லாந்தில், பன்றி வளர்க்கிற குடும்பத்துக் கைக்குழந்தை ஒன்றிடம் அறுவை சிகிச்சைக்கு முன் செய்த சோதனையில் எம்.ஆர்.எஸ்.ஏ என்ற, பல மருந்துக்கும் அடங்காத முரட்டுக் கிருமி அகப்பட்டது. பிறகு அது பன்றிகளிடமும் தென்பட்டது. பன்றிதான் குற்றவாளி என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு அந்தக் கிருமியின் மரபணுவைத் துருவிப் பார்த்தவர்கள் 2012-ல் வேறு கதை சொன்னார்கள். அது முதலில் மனிதர்களிடம் சாதுவாக இருந்த கிருமி. மனிதரிடமிருந்து பன்றிக்குத் தாவி, அங்கே மருந்துகளைத் தாங்கும் திறனைப் பெற்று, மனிதருக்கே திரும்பி வந்தது. ஆக, உங்கள் கையிலிருந்து உங்கள் ஜெர்சியின் மடிக்கும் போயிருக்கலாம்.

கை என்றதும் ஒரு காட்சி கண்முன் வருகிறது. எத்தனையோ கொட்டகைகளில் பார்த்திருக்கிறேன். பால் கறக்க உட்காருகிறவர், காம்பு வழுவழுப்பாக இருக்கட்டும் என்று இரண்டு விரலைப் பால் செம்பிலேயே தோய்த்துக்கொள்வார். பீச்சி முடித்து எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போவார். நடுவில் மாடு சாணம் போட்டால் அதே கையால் ஒதுக்குவார். உள்ளேயிருந்து பேரக்குழந்தை அழுதால் எழுந்துபோய்த் தூக்கிக்கொள்வார். இதில் எங்கேயும் தப்பான எண்ணம் இல்லை. காலை ஐந்து மணிக்கு ஒரே ஆளுக்கு மூன்று மாட்டு வேலை. ஆனால் மாட்டின் குடல், மடி, பால் செம்பு, குழந்தையின் வாய் நான்கையும் அந்த ஒரு கை கோத்துவிடுகிறது.

என் தப்பையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மடி வீங்கிய மாடு என்றால் எதையும் சோதிக்காமல் இருப்பதிலேயே 'பவரான' ஊசியைத்தான் எடுப்பேன். மாட்டுக்காரர் கேட்பதும் அதைத்தான். மூன்று நாள் போட வேண்டியதை, ஊர் தூரம் என்பதால் ஒரு நாள் போட்டுவிட்டு, மிச்சத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் வழியில் பார்த்தால், "ஒரு ஊசியிலேயே சரியாயிடுச்சுங்க, மீதியை எடுத்து வச்சிருக்கேன்" என்பார். எனக்கும் பெருமையாக இருக்கும். உங்கள் எரவாணத்தில் இருக்கிற பாதிக் குப்பியைப் பற்றிப் படித்தபோது அதில் என் கையும் இருப்பதாகவே தோன்றியது. டாக்டர் ராத்திரி வரமாட்டார், பசு மூன்று மணிக்குத் துடிக்கும், ஊசிக்காரர் கூப்பிட்ட குரலுக்கு வருவார். நீங்கள் அவரைக் கூப்பிட்டதில் உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சீட்டே கேட்காமல் குப்பி குப்பியாக விற்கிற கடைகள்மேல் கோபம் உண்டு.

சரி, இனி செய்ய வேண்டியது. முதலில் எரவாணத்தில் இருக்கிற மருந்தை எடுத்துக்கொண்டு போய்க் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் கலந்து கொட்டகை வெக்கையில் வைத்த மருந்து வீரியம் குறைந்தது. அதைப் போடுவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதற்குச் சமம். காம்புக்குள் ஏற்றுகிற டியூபில் மிச்சத்தைக் காலில் பட்ட காயத்துக்குத் தடவுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்தால் அதையும் விடுங்கள்.

ஊசி போட்ட மாட்டுப் பால் யாருக்கும் வேண்டாம். சொசைட்டிக்கு ஊற்றாமல் இருந்தீர்கள் பாருங்கள், அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பால் கன்றுக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. கன்றுக்கு இன்னொரு பசுவின் பாலைக் கொடுங்கள். எத்தனை நாள் தள்ள வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், அட்டையில் போட்டிருக்க வேண்டும். போடாத மருந்துக்குக் கடைசி ஊசியிலிருந்து பாலுக்கு 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012-லேயே மருந்து விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை கடைசி ஊசியிலிருந்து, முதல் ஊசியிலிருந்து இல்லை. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். கறந்த பாலைக் கிணறும் தண்ணித்தொட்டியும் இல்லாத பக்கம் குழி தோண்டி ஊற்றி மண்ணைத் தள்ளிவிடுங்கள். ஒரு வாரப் பால் மண்ணுக்குப் போவது வயிற்றெரிச்சல்தான், எனக்குத் தெரியும். அதனால்தான் மடிநோயே வராமல் பார்ப்பது மலிவு என்கிறேன்.

அதற்குப் பெரிய செலவில்லை. மடியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த கையால் கறங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்துணி. ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மடிநோய் வருகிற ஜெர்சியைக் கடைசியாகக் கறங்கள். கறந்து முடித்ததும் காம்பை அதற்கென்றே விற்கிற அயோடின் கரைசலில் முக்கி எடுங்கள். உடனே தீவனத்தைப் போடுங்கள். பசு அரைமணி நேரமாவது நின்று தின்னும். காம்புத் துளை அப்போது விரிந்திருக்கும், மெல்ல மெல்லத்தான் சுருங்கும். அதற்குள் சாணத்தில் படுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. இந்த அரைமணியை மட்டும் பிடித்துக்கொண்டு மடிநோயைப் பாதியாகக் குறைத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

அப்படியும் பால் திரிதிரியாக வந்தால், ஊசிக்கு முன்னால் பால் மாதிரி எடுக்க வேண்டும். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் இரண்டு பீச்சலைக் கீழே விட்டு, அடுத்ததைக் கிருமி நீக்கிய புட்டியில் பிடித்து, ஐஸ் வைத்து, மருந்தகம் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மாவட்டங்களில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டுகிற தூரம்தான். உங்கள் சிறுநீருக்குச் செய்தார்களே, அதே கல்ச்சர் டெஸ்ட்தான். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று வந்துவிடும். அடிக்கடி மடிநோய் வருகிற மாட்டுக்கு இது செய்யாமல் ஊசி மாற்றி ஊசி போடுவது இருட்டில் கல்லெறிவது.

லேசான மடிநோய் எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாடிக் தேவையும் இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறையை தேசிய பால்வள வாரியமும் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்து, கைப்பிடி அளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுக்கப் பீச்சிவிட்டுக் கழுவிய மடியில் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். ஒரு வேளை தடவிவிட்டுப் பலனில்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல், தீவனம் தின்னவில்லை, மடி கல்லாக இறுகிவிட்டது, பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வருகிறது என்றால் கற்றாழை அரைத்துக்கொண்டிருக்காதீர்கள். அது மருத்துவர் வர வேண்டிய நேரம். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழையுங்கள். அவர் சொல்கிற ஊசியை, சொல்கிற அளவில், சொல்கிற நாள் வரை போடுங்கள். ஆன்டிபயாடிக் எனக்கு எதிரி இல்லை. அது வேலை செய்ய வேண்டிய அன்று வேலை செய்ய வேண்டும் என்பதுதான் என் கவலை.

சாணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஈ. கோலை குடியிருக்கும் இடமே அதுதான். வாசல் தெளிக்கிற வழக்கத்தை விடச் சொல்ல மாட்டேன். ஊசி போட்ட மாட்டின் சாணம் அதற்கு வேண்டாம். பிள்ளை தவழ்கிற இடத்திலும் வேண்டாம். பச்சைச் சாணத்தைக் கரைத்துக் கொத்தமல்லிப் பாத்திக்கும் கீரைப் பாத்திக்கும் ஊற்றாதீர்கள். குவித்துப் போட்டு, உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறி, நன்றாக மக்கிய எருவைப் போடுங்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலான கிருமி மடியும்.

உங்கள் உடம்புக்கும் மருமகள் உடம்புக்கும் வைத்தியம் சொல்வது என் வேலையில்லை. ஆனால் சில விஷயம் சொல்லலாம். உங்கள் டாக்டர் கல்ச்சர் பார்த்துக் கொடுத்த மாத்திரையை எரிச்சல் நின்றதும் நிறுத்தாமல், அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். வீட்டில் மற்றவர்கள் குடலிலும் இந்தக் கிருமி இருக்கலாம். குடலில் இருப்பது மட்டும் நோயில்லை, பெரும்பாலும் மாதக்கணக்கில் தானே குறையும். அதைக் கொல்கிறேன் என்று யாரும் மாத்திரை விழுங்க வேண்டாம். மருமகளிடம் உங்கள் அறிக்கையின் நகல் ஒன்றைக் கொடுத்து, பிரசவம் பார்க்கிற மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நாளைக்கு மருமகளுக்கு நீர்க்கடுப்போ காய்ச்சலோ வந்தால் எந்த மருந்தில் தொடங்குவது என்று முடிவு செய்ய அது மருத்துவருக்கு உதவும். பிரசவம் வரைக்கும் சாணம் அள்ளுகிற வேலையிலிருந்து மருமகளை விலக்கி வையுங்கள். பச்சைப்பால் குடிக்க வேண்டாம், ஊசி போடாத மாட்டின் பாலைக் காய்ச்சித் தாராளமாகக் குடிக்கலாம்.

கன்றைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தீர்கள். கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமி இல்லை, உடம்பில் நீர் வற்றுவதுதான். ஊசி போடாத மாட்டின் பாலை நிறுத்தாதீர்கள். பால் வேளைகளுக்கு நடுவே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் மாதிரி நின்றாலோ, கண் குழி விழுந்தாலோ, எழுந்து நிற்க மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.